அவளுக்கும் அதுதான் விருப்பம்

மார்ச் 3

அக்கா,

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் "வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். அந்த அப்புறம் வரவே இல்லை. அதனால் எழுதுகிறேன். என் தமிழைப் பார்த்துச் சிரிக்காதே. நான் பேசினால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறதென்று அப்பா சொல்வார். எழுதும்போது அவ்வளவு மோசமில்லை. பள்ளி விடுதியிலிருந்து வாரம் ஒரு கடிதம் அம்மாவுக்கு எழுதி எழுதி மிஞ்சிய தமிழ் இது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு முதியோர் இல்லத்தில் லிப்ட் சோதனைக்குப் போயிருந்தேன். நான்கு மாடி, இரண்டு லிப்ட். கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக் கயிறுகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். வெளியே கைத்தடியோடு ஒருவர் காத்திருந்தார். என் சட்டையில் தொங்கிய பெயர் அட்டையை இழுத்துவைத்துப் படித்தார். என் பழைய கணக்கு வாத்தியார். பதினான்கு வயதில் என்னை அந்த உறைவிடப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுப் பேசியவர்.

கட்டிப்பிடித்துக்கொண்டார். தேநீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "உன் அப்பாவை என்னால் மறக்க முடியாது. இந்தப் பேச்சை எடுத்தால் மற்ற பெற்றோர் யோசிக்க ஒரு மாதம் கேட்பார்கள். அவர் அந்த நிமிடமே மகிழ்ச்சியாக அனுப்புகிறோம் என்றார். என் கையைப் பிடித்து விடவே இல்லை."

நம் அப்பாவா அக்கா? வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சொல்வது உனக்கே தெரியும். "நாங்க அனுப்பல. இந்த ஊர் சட்டம் அப்படி. நல்லாப் படிக்கிற பிள்ளைய அவங்களே எடுத்துக்குவாங்க. மாட்டேன்னா கேசு." பதின்மூன்று வருடமாக இதையேதான் சொல்கிறார்.

வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. அப்பா அம்மாவுக்கு இந்த ஊர் மொழி தெரியாது. அந்த அறையில் இரண்டும் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

என்ன நடந்தது?

தம்பி


மார்ச் 11

அன்புள்ள வாலு,

உன் கையெழுத்து இன்னும் ஏழாம் வகுப்பிலேயே நிற்கிறது. 'ழ' போட்டால் அதன் வால் அடுத்த வரியில் போய் இடிக்கிறது.

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சையே பேசுகிறேன். இன்று காலை ஒரு பெரியவர், "வயித்துக்குள்ள பந்து உருளுதும்மா" என்றார். டாக்டரிடம் அப்படியே சொன்னேன். "எப்போது விழுங்கினார்?" என்று டாக்டர் கேட்டார். அதையும் பெரியவரிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னைத்தான் முறைத்தார். இதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தபிறகு வாயைத் திறக்கவே பிடிப்பதில்லை.

வாத்தியாருக்கு எண்பது இருக்குமா? எத்தனை பிள்ளைகள், எத்தனை அப்பாக்கள்! யாரோ சொன்னதைத் தூக்கி நம் அப்பா தலையில் கட்டுகிறார். பேச்சே பத்து நிமிடம்தான் நடந்தது. அம்மா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவிவிட்டு நேராக வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இதற்குமேல் எனக்கு எதுவும் நினைவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டதாம். நீ பக்கத்தில்தானே இருக்கிறாய், மூன்று மணி நேரம், ஒரு நடை போய் வரக்கூடாதா? எனக்குக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குத் தேர்வு இருக்கிறது. தேறினால் நீதிபதி முன்னால் கையை உயர்த்தி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்தப் படபடப்பே போதும். பழசைக் கிளறாதே.

அக்கா


மார்ச் 19

அக்கா அவர்களுக்கு,

அம்மாவின் விரல் உங்களுக்கு நினைவிருக்கிறது. அப்பாவின் தொப்பி நினைவிருக்கிறது. பேசியது மட்டும் மறந்துவிட்டது என்கிறீர்கள்.

சனிக்கிழமை மறுபடி போய் வாத்தியாரைப் பார்த்தேன். அவருக்கு ஞாபகம் கூர்மையாகத்தான் இருக்கிறது. சட்டமா என்று கேட்டேன். சிரித்தார். "எந்தச் சட்டம்? அது வெறும் அழைப்பு. பிடிக்கவில்லை என்றால் எந்த வெள்ளிக்கிழமையும் வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போகலாம். உன்னோடு சேர்ந்தவர்களில் மூன்று பேர் முதல் மாதமே திரும்பிப் போகவில்லையா?"

ஆமாம், போனார்கள். அதில் ஒருவன் என் பக்கத்துக் கட்டில். அவனுடைய அப்பா கார் ஓட்டி வந்து, படுக்கையைச் சுருட்டி, தோளில் கைபோட்டுக் கூட்டிப் போனார். அந்த மூன்று அப்பாக்களும் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் என்று நான் நினைத்தேன். நம் அப்பா பயந்தவர் என்று நினைத்தேன். இருபது வயதுவரை அவரை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். அவருக்கும் அது தெரியும்.

விடுதித் தாழ்வாரத்தில் ஒரு போன் இருந்தது. ஞாயிறு மாலை ஆளுக்கு ஐந்து நிமிடம். "வந்து கூட்டிட்டுப் போம்மா" என்று அழுவேன். "சட்டம்டா கண்ணா, அம்மா என்ன செய்வேன்" என்று அவளும் அழுவாள். பின்னால் வரிசையில் நிற்கும் பையன்களுக்கு என் பேச்சு புரியாது, அழுகை மட்டும் புரியும். அதனால் ஐந்தாம் மாதத்திலிருந்து போனில் தமிழ் பேசுவதை நிறுத்தினேன். அம்மாவுக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. போனை உங்களிடம் கொடுத்துவிடுவாள்.

ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு வீட்டுக்குப் போகிறேன். அதற்குள் நீங்கள் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

தம்பி


மார்ச் 27

வாலு,

'நீங்கள்' போட்டு என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாய். சரி, அங்கேயே நின்று சொல்கிறேன்.

வாத்தியார் சொன்னது ஒன்று. நான் அப்பாவிடம் சொன்னது வேறொன்று. "கூப்பிட்டா அனுப்பித்தான் ஆகணும்ப்பா. இந்த ஊர் சட்டம்" என்றேன். அப்பா, "மாட்டோம்னா?" என்றார். நான் வாத்தியார் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கேசு போடுவாங்களாம்" என்றேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாக் கேட்டியா? இன்னொரு வாட்டி கேளுடி" என்றாள். திரும்பி வாத்தியாரிடம், "மகிழ்ச்சியாக அனுப்புகிறோம் என்கிறார்கள்" என்றேன். வாத்தியார் எழுந்து கையை நீட்டினார். எங்கே வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அதைத்தான் வாத்தியார் இன்றுவரை மகிழ்ச்சி என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்பாய். நீ அப்போது எப்படி இருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. வகுப்புக்குப் போகாமல் தெருமுனையில் அந்தப் பெரிய பையன்களோடு நிற்பாய். பள்ளியிலிருந்து வந்த மூன்று எச்சரிக்கைக் கடிதங்களை நான்தான் படித்தேன், நான்தான் கிழித்துப் போட்டேன். அப்பாவுக்கு, "நல்லாப் படிக்கிறான்னு எழுதியிருக்காங்க" என்றேன். உன் மூளை வீணாகப் போகிறதென்று கவலைப்பட்டேன். அப்பா உன்னை ஒருநாளும் அனுப்பியிருக்க மாட்டார். வேறு வழி தெரியவில்லை.

இன்றைக்கு நீ பொறியாளர். உன் நல்லதுக்குத்தான் செய்தேன்.

அவர்களிடம் நீ சொல்லாதே. நானே சொல்கிறேன். கொஞ்சம் நாள் கொடு.

அக்கா


ஏப்ரல் 4

என் நல்லதுக்கு என்று இன்னொரு முறை எழுதாதீர்கள்.

எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அப்பா ஏதோ சொல்வார், நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். எனக்கு அது புரிவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். நான் தனியாகச் சிரிப்பேன். அம்மா என்னைப் பார்த்து, விருந்தாளியைக் கேட்பது போல, "போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்பாள். அங்கே விடுதியில் என் பெயரை ஒழுங்காகச் சொல்ல ஒருவனுக்கும் வராது. இங்கே வீட்டில் என் பேச்சு ஒருவருக்கும் ஒட்டாது. போன வருடம் மூன்று வீடு மாற்றினேன். எந்த வீட்டிலும் பெட்டியை முழுதாகப் பிரித்ததில்லை.

நாள் கொடுக்க முடியாது. சொன்ன ஞாயிறே போகிறேன்.

உண்மையான காரணத்தை எழுதுங்கள். தெருமுனைப் பையன்கள் கதையை நான் நம்பவில்லை. அதற்கு அப்பாவிடம் சொல்லி என்னை இரண்டு அடி போடச் சொல்லியிருக்கலாம்.


ஏப்ரல் 10

வாலு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், பாத்திரம் கழுவுகிறேன், திரும்ப வருகிறேன்.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது அதே உறைவிடப் பள்ளிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குப் பதினான்கு. நான் படித்தது வேறு பள்ளிக்கூடம். பேசியவர் ஒரு ஆசிரியை. அன்றைக்கும் அப்பா, அம்மா, நான். அன்றைக்கும் நடுவில் நான்தான். என் விஷயத்தை நானே மொழிபெயர்த்தேன்.

ஆசிரியை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்பாவிடம் சொன்னேன். அப்பா யோசிக்கவே இல்லை. "இவ போயிட்டா எங்களுக்கு யாரு பேசுவா?" என்றார். அதை அப்படியே ஆசிரியையிடம் சொன்னேன்: "இவள் போய்விட்டால் எங்களுக்காக யார் பேசுவார்கள் என்று கேட்கிறார்." ஆசிரியை என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்கிறாய்?" என்றார். அது எனக்கான கேள்வி, தம்பி. பழக்க தோஷம், அதையும் அப்பாவிடம் திருப்பிச் சொல்லிவிட்டேன். அப்பா, "அவளுக்கும் அதான் விருப்பம்னு சொல்லு" என்றார். நான் ஆசிரியையிடம் சொன்னேன்: "அவளுக்கும் அதுதான் விருப்பம்."

அவளுக்கும். என்னைப் பற்றி நானே, யாரோ ஒருத்தியைச் சொல்வது போலச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கரண்டு பில்லைப் படித்துச் சொன்னேன்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். உன்னை அப்பா ஒருநாளும் அனுப்பியிருக்க மாட்டார் என்று எழுதினேனே, அது பொய். வாத்தியார் சொன்னதும் முதலில் சரியாகத்தான் சொன்னேன். "பெரிய பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடறாங்கப்பா, அங்கேயே தங்கணும்" என்றேன். அப்பா திரும்பிப் பார்த்தார். கதவு பாதி திறந்திருந்தது. நீ பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். அப்பா சொன்னார்: "பையனைக் கேளு. அவன் என்ன சொல்றான்?"

அவர் உன்னைக் கேட்கச் சொன்னார்.

எனக்குத் தலைக்குள் என்னவோ ஏறியது. ஏழு வருடம் முன்னால் என்னைப் பற்றி ஏன் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை? "கேக்கறதுக்கு ஒண்ணுமில்லப்பா, சட்டம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. சொன்னபிறகு பின்வாங்கவும் இல்லை. உன் படிப்பைப் பற்றிய கவலையும் உண்மைதான். ஆனால் அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது பொறாமை. என்னைக் கேட்கவில்லை, உன்னை மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்ற பொறாமை.

தேர்வில் தேறிவிட்டேன். உறுதிமொழி எடுக்கும் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ என்ன சொல்ல வேண்டுமோ சொல்லு. நான் தடுக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அப்பா வழக்கம்போல இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது, ஆனாலும் கையைச் சும்மா வைக்கமாட்டேன் என்கிறார். கைதுடைக்கிற துணிக்குக்கூட மடிப்பு வைக்கிறார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன்: "அப்பா, அன்று உங்களிடம் கூறப்பட்டது உண்மை அல்ல."

அப்பா சிரித்துவிட்டார். "செய்தி முடிஞ்சுதா? வானிலை அறிக்கை உண்டா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் உடைந்த தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அழைப்பு, சட்டம் இல்லை, கேஸ் இல்லை, அவர் என்னைக் கேட்கச் சொன்னது. உன்னுடைய பதினான்கு வயது விஷயத்தைச் சொல்லவில்லை. அது உன்னுடையது. அப்பா இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடியே நின்றார். புகை வந்தபிறகு அம்மாதான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

பிறகு அம்மா கேட்டாள். "உங்கூடச் சேந்த பசங்க மூணு பேர் திரும்பிப் போனாங்கன்னு சொன்னியே. அவங்க அம்மா அப்பா சும்மா வந்து கூட்டிட்டுப் போனாங்களா?"

"ஆமாம்மா."

"எப்ப வேணாலும் வந்திருக்கலாமா?"

"எந்த வெள்ளிக்கிழமையும்."

அவள் சமையலறைக்குப் போய், கழுவி அடுக்கி வைத்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

அப்பா உட்கார்ந்தார். "உன்னைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றார். போகமாட்டேன் என்று சொல்லியிருப்பேன் என்பதுதான் நான் தயாராக வைத்திருந்த பதில். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். வாயில் வந்தது, "தெரியலப்பா." உண்மையாகவே தெரியவில்லை அக்கா. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனிடம் இனி எங்கே போய்க் கேட்பது?

பிறகு அப்பாவே ஆரம்பித்தார். "அவளையும் ஒரு வாட்டி கூப்பிட்டாங்க. உனக்குத் தெரியுமா? வேணாம்னு சொல்லுன்னேன். அப்படியே சொன்னா. மாத்திச் சொல்லியிருந்தா எனக்கு எங்க தெரியப்போவுது?" கருகின சட்டையை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "அன்னைக்கே மாத்திச் சொல்லியிருக்கலாம் அவ" என்றார்.

அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன்.

நான் கிளம்பும்போது அம்மா உன் கடித உறை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், பின்பக்கம் உன் முகவரி இருந்ததை. போனில் உன்னை இனி கூப்பிடமாட்டாளாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. 'நீங்கள்' என்று எழுதவும் வரவில்லை.

தம்பி


மே 2

வாலு,

அம்மா இங்கே இருக்கிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. திறந்தால் ஒரு கையில் பை, இன்னொரு கையில் அந்த உறை. ஒரு செருப்பு வார் அறுந்து காலை இழுத்துக்கொண்டு நிற்கிறாள். முப்பது வருடத்தில் அவள் நம்மில் ஒருவர் இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போனதில்லை. இங்கே வர ஆறு மணி நேரம், இரண்டு பஸ்.

"யாருமா கூட வந்தது?" என்றேன்.

"யாரு வரணும்?"

உறையை டிரைவர் மூஞ்சிக்கு முன்னால் நீட்டியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தையை வைத்து, இது எங்கே, இது எங்கே என்று கேட்டிருக்கிறாள். ஒரு இடத்தில் தப்பான பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பாதி வழியில் அவளுக்கே சந்தேகம் வந்து, கத்தி நிறுத்தி இறங்கியிருக்கிறாள். பஸ் நிலையத்தில் தரை துடைக்கிற ஒரு பெண் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சரியான பஸ்ஸில் உட்கார வைத்தாளாம். "ஒண்ணும் ஆகல. ஊரே என்னை முழுங்கிடும்னு நெனச்சிட்டிருந்தேன். ஒண்ணும் ஆகல" என்றாள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அவன் போன்ல அழுதப்ப நீ பக்கத்துல நின்ன. நின்னியா இல்லையா?"

"நின்னேன்."

"நான் அழுததையும் பாத்த."

"பாத்தேன்."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

உனக்கு எழுதியதையெல்லாம் அவளிடம் சொல்லத் தொடங்கினேன். என்னைக் கூப்பிட்டது, நானே மொழிபெயர்த்தது. "எல்லாம் எனக்குத் தெரியும், அந்த ரூம்ல நானுந்தான் இருந்தேன்" என்று வெட்டிவிட்டாள். "என்னையும் யாரும் கேக்கலடி. உன் விஷயத்துலயும் கேக்கல, அவன் விஷயத்துலயும் கேக்கல. இந்த ஊருக்கு வரும்போதும் கேக்கல. அதுக்காக நான் யாரையாவது எங்கயாவது அனுப்பினேனா?" அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு தண்ணீரைக் குடித்தாள். "உன் வாய நம்பித்தான் இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்தேன். இனிமே நானே பேசிக்கறேன்" என்றாள்.

மூன்று நாளாக இங்கேதான். சமைக்கிறாள், துணி மடிக்கிறாள், என்னோடு அதிகம் பேசுவதில்லை. எப்போது போவாள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. போய்விடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. உறுதிமொழி அடுத்த திங்கள். போவேனா என்று எனக்கே தெரியவில்லை. நேற்று அவளிடம் சொன்னேன். "போ, இல்ல போகாத. என்னைக் கேக்காத" என்றாள்.

நீ வரும் சனிக்கிழமை வா. கூப்பிடுகிறேன், அவ்வளவுதான். விருப்பம் இருந்தால் வா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் அறுந்த செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, என் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருக்கோடியில் ஒரு செருப்புத் தைக்கிறவர் இருக்கிறார். அவரும் எங்கிருந்தோ வந்தவர், அவருக்கும் இந்த ஊர் மொழி தட்டுத் தடுமாறித்தான் வரும். நானும் கூடப் போக எழுந்தேன். "உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. பொறுக்க முடியாமல் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கையை ஆட்டி ஆட்டி எதையோ நீளமாகச் சொல்கிறாள். அவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார், தலையாட்டுகிறார், பதிலுக்கு அவரும் ஏதோ சொல்கிறார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

அக்கா